விமானம் இல்லாத வானம்

விமானத்தை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதா, இல்லை சொந்த விமானமே வேண்டாமென்று தலைமுழுகுவதா என்ற கேள்வி வந்தபோது, ஒரு மதியச் சாப்பாட்டுக்குள் அதை முடித்துவிடலாம் என்றுதான் அபிநயா நினைத்தாள்.

கோயமுத்தூருக்கு வெளியே காற்றாலைகளுக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலை அவளுடையது. அப்பா பம்பு மோட்டார் செய்துகொண்டிருந்தார். பொறுப்பு அவள் கைக்கு வந்ததும் தொழிலைக் காற்றின் பக்கம் திருப்பினாள். டென்மார்க்கிலிருந்து சிலி வரைக்கும் அவள் செய்த இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்டவள் மண்ணெண்ணெய் குடிக்கிற ஒன்பது இருக்கை ஜெட்டில் பறக்கலாமா என்று பங்குதாரர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்து கேட்டுவிட்டார். கேட்டது சாதுவான குரலில்தான். ஆனால் அந்தக் காட்சி ஊர் முழுக்கக் கைபேசிகளில் ஓடியது.

"ஹைட்ரஜன்ல ஓடற புது மாடல் வந்திருக்குக்கா," என்றான் அவளுடைய தம்பி தருண். கம்பெனியின் வரவு செலவெல்லாம் அவன் பொறுப்பு. "பழசைத் தள்ளிட்டு அதை வாங்கிட்டா ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டாங்க."

"நல்லா ஓடிட்டிருக்கறதை எதுக்குத் தள்ளணும்? ஒரு விமானத்தால உலகம் என்ன சூடாயிறப் போகுது? கடல்ல கரைச்ச பெருங்காயம். நாம சொன்னா நம்ப மாட்டாங்க. யாராச்சும் விஞ்ஞானி சொன்னா நம்புவாங்க."

அப்படித்தான் மஹ்மூதா வந்து சேர்ந்தாள். காயல்பட்டினத்துக்காரி, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வானத்தைக் கணினிக்குள் கட்டி வைத்திருந்தாள். தென்னிந்தியாவின் மேலே நிற்கும் ஒவ்வொரு மேகத்துக்கும் அந்தக் கணினிக்குள் ஒரு மேகம் உண்டு. அதிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துவிட்டுப் பார்க்கலாம். ஒரு ஏரியை எடுத்தால் வானம் எப்படி இருந்திருக்கும், ஓர் ஆலைப் புகைபோக்கியை எடுத்தால் எப்படி இருந்திருக்கும் என்று அது சொல்லிவிடும். நீதிமன்றங்கள்கூட அதன் வார்த்தையை ஏற்கத் தொடங்கியிருந்த காலம் அது. அபிநயா தன் விமானம் பறந்த பயணங்களின் விவரம் எல்லாவற்றையும் கொடுத்து, இதை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்றாள். ஒன்றும் மாறியிருக்காது என்று ஒரு வரி கிடைத்தால் போதும், ஆசிரியைக்கு அனுப்பிவிடலாம்.

முடிவைச் சொல்ல மஹ்மூதா நேரிலேயே வந்தாள். அந்த ஒரு வரிக்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று அபிநயாவுக்கு அப்போதே உறுத்தியது.

"நீங்க சொன்னது சரிதான் மேடம்," என்றாள் மஹ்மூதா. வைத்த காபியை அவள் தொடவில்லை. "உலகச் சூட்டுல உங்க விமானத்தோட பங்கு ஒண்ணுமே இல்லை. அதை எழுதித் தந்துடறேன். புது மாடலும் பெரிய வித்தியாசம் பண்ணாது. அது புகை விடாது, அதுக்குப் பதிலா தண்ணி ஆவி விடும்."

"அப்புறம் என்ன தயக்கம்?"

"ரெண்டு வானத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். உங்க விமானம் இருக்கிற வானம், இல்லாத வானம். பெரும்பாலான நாள் ரெண்டும் ஒண்ணுதான். சில நாள்ல கொஞ்சம் மாறுது. எங்கயோ ஒரு தூறல் தள்ளி விழுது. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனா ஒரு நாள்..."

மஹ்மூதா மடியிலிருந்த தாள்களில் ஒன்றைப் பிரித்தாள். 

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆடி மாசம் கொச்சியில இருந்து வந்திருக்கீங்க. மலைக்கு மேல மேகம் நின்னிருக்கு. உறையற குளிருக்குக் கீழ போயும் உறையாம தண்ணியாவே நிக்கிற மேகம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. அதை ஒரு விமானம் கிழிச்சிட்டுப் போனா, போன தடத்துல துளியெல்லாம் ஐஸாகும். ஐஸானா சூடு வெளிய வரும். அந்தச் சூட்டுல மேகம் மேல மேல எழும்பும். முக்கால்வாசி நேரம் அதோட அமுங்கிடும். அன்னிக்கு அமுங்கலை."

"மேல்கூடல்," என்றாள் அபிநயா. 

"ஆமா மேடம்."

மேல்கூடல் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்ததை அப்போது எல்லாரும் பேசினார்கள். கொழுந்து பறிப்பவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் ஒரு வரிசை முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது. அபிநயாவின் கம்பெனி ஒரு லாரி நிறையப் போர்வை அனுப்பியது. லாரியின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயர் போட்ட துணி கட்டியிருந்தார்கள். அந்தப் படத்துக்கு அவளே சம்மதம் கொடுத்திருந்தாள்.

"விமானம் இல்லாத வானத்துல அன்னிக்கு என்ன நடந்துது?"

"விடிய விடிய மழை. பரவலா, சாதாரண மழை. வேற எதுவும் இல்லை."

"நிச்சயமா சொல்ல முடியுமா?"

"திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்துட்டேன். சட்டப்படி உங்க மேல எதுவும் வராது மேடம். தெரியாம நடந்தது. நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். மனசு கேக்கலை."

அவள் போன பிறகு அபிநயா விமானியைக் கூப்பிட்டாள். கேப்டன் ரூபன் நாகர்கோவில்காரர், அதிகம் பேசாதவர். அந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"மேகம் கனமா இருக்கு, தெக்கு வழியா சுத்திப் போயிடலாமான்னு கேட்டேன் மேடம். கொஞ்ச நேரம் கூட ஆகும்னேன். நேராவே போங்கன்னீங்க."

"ஏன் அப்புடிச் சொன்னேன்?"

"வீட்டுக்கு யாரோ சாப்பிட வர்றாங்கன்னீங்க."

யார் வந்தார்கள்? அபிநயா எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. சமையல்காரரைக் கேட்டாள், அவருக்கும் தெரியவில்லை. அன்று மாலை அவள் மேசையில் யாரோ உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவள் உபசரித்திருப்பாள். அந்த முகம் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வரிசை வீடுகள் போனது எதற்காக என்பதுகூட அவளிடம் மிச்சமில்லை. மற்றதையெல்லாம் விட அதுதான் அவளை அரித்தது.

அந்த வாரமே காரில் மலை ஏறினாள். தோட்ட மேனேஜர் சரிந்த இடத்தைக் காட்டினார். சரிவு இப்போது பச்சை பிடித்துவிட்டிருந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, அதே மலைமேல், புது லைன் கட்டியிருந்தார்கள். தட்டையான இடம் வேறு கிடைக்கவில்லை என்றார். வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் யாரையாவது பார்க்க வேண்டும் என்று அபிநயா கேட்டதும், நிவாரணம் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சுமந்தியைக் கூட்டி வந்தார்.

சுமந்தியின் அப்பா அம்மா ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்தவள், தோட்டத்துத் தமிழ்தான் பேசினாள். அவளுடைய மகள் ரோஷ்னி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தபோது சரிவு வந்தது. சுமந்தி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

மேனேஜரை அனுப்பிவிட்டு அபிநயா எல்லாவற்றையும் சொன்னாள். மேகம், விமானம், சுற்றிப் போகலாம் என்று விமானி கேட்டது, அவள் நேராகப் போகச் சொன்னது. சுமந்தி இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படுதாவில் ஒட்டிய இலைத் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க தெரிஞ்சு செய்யலை," என்றாள் கடைசியில்.

"இல்லைங்க."

"சாமி செஞ்சதுன்னு நெனச்சிருந்தேன். சாமிகூடச் சண்டை போட்டுப் போட்டு இப்பத்தான் ஓஞ்சேன். இப்ப வந்து நீங்கன்னு சொல்றீங்க. இனிமே உங்ககூட முதல்லேருந்து சண்டை போடணுமா? எனக்குத் தெம்பு இல்லை மேடம்."

 "விமானத்தை ஒடைச்சுப் போட்டுர்றேங்க. இனிமே அது பறக்காது," என்றாள் அபிநயா.

சுமந்தி நிமிர்ந்து பார்த்தாள். "ஒடைச்சு என்ன ஆகப்போவுது? மழையை இழுத்துட்டு வந்துச்சுன்னு சொல்றீங்க. வர்ற மழையை அப்பாலத் தள்ளிவிடாதா அது?"

கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்டது போலத் தெரியவில்லை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் கார் இறங்கும்போது அபிநயாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசாகிக்கொண்டே வந்தது. இது பரிகாரம் செய்ய வழி கிடைத்த நிம்மதி என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பாதி மலையிலேயே மஹ்மூதாவைக் கூப்பிட்டாள்.

"முடியும் மேடம்," என்றாள் மஹ்மூதா மெதுவாக. அவள் குரலிலும் ஒரு பரபரப்பு இருந்தது. "நாளைக்கு வானம் எப்படி இருக்கும்னு கணினி முன்னாடியே சொல்லும். உங்க விமானத்தை அதுல எந்த எடத்துல விட்டா மேகம் முன்னாலயே ஒடையும்னும் பாத்துடலாம். காட்டு மேலயோ கடல் மேலயோ கொட்ட வெச்சுடலாம். ஆனா மழை காணாமப் போயிடாது. இங்க விழலைன்னா வேற எங்கயாவது விழும்."

"ஆளில்லாத எடமாப் பாத்துக்கலாமுல்ல?"

"பாத்துக்கலாம்."

ஆகவே விமானம் தங்கியது. பழையதா புதியதா என்ற பேச்சே அடங்கிவிட்டது. அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அடுத்த ஆடி ஆவணியில் மேல்கூடலுக்கு மேலே மேகம் திரண்டபோதெல்லாம் ரூபன் விமானத்தை எடுத்துக்கொண்டு மேற்கே போய் அதைக் கிழித்துவிட்டு வந்தார். அபிநயாவும் கூடவே உட்கார்ந்து போனாள். மேகத்துக்குள் நுழையும்போது விமானம் குலுங்கும், ஜன்னலில் வெண்மையைத் தவிர எதுவும் தெரியாது. அந்தக் குலுக்கலில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது, தண்டனையை அனுபவிப்பது போல. மழை நடுக்காட்டில் கொட்டியது. மேல்கூடல் நனைந்ததோடு சரி.

செய்தி பரவியது. 'மழை தள்ளும் விமானம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பங்குதாரர் கூட்டத்தில் அதே ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார். தருணுக்குத் தலைகால் புரியவில்லை. உயிர் காக்கும் விமானம் எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டுமே, சும்மா நிறுத்தி வைத்தால் துருப்பிடிக்கும். அதனால் அபிநயா அதில் டெல்லிக்கும் கொழும்புக்கும் முன்னைவிட அதிகமாகவே போய்வந்தாள். இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. தர்மத்துக்கு ஓடுகிற வண்டியில் ஓர் ஓரமாகத் தானும் ஏறிக்கொண்டால் என்ன என்று அவளும் இருந்துவிட்டாள்.

பிற பணக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து விமானத்தை விற்றவர்கள் திரும்ப வாங்கினார்கள். ஹைதராபாத்தில் ஒருவர், கொச்சியில் ஒருவர், மும்பையில் ஒரு கூட்டமே, ஆளுக்கொரு மலையைத் தத்து எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மஹ்மூதா கிடைத்தாள். கட்டட முதலாளி ஒருவர், தனக்கென்றால் சைக்கிளே போதும், ஏழைகளுக்காகத்தான் இந்த விமானம் என்று பேட்டி கொடுத்தார்.

இரண்டாவது வருஷம் வெள்ளைப்பாறை ஓடையில் தண்ணீர் வந்தது.

மலையின் கிழக்குப் பக்கம், மழை மறைவில், பல வருஷமாக மணல் மட்டுமே கிடந்த ஓடை அது. மேல்கூடலுக்கு வந்த மழையை அன்று அந்தப் பக்கம் தள்ளியிருந்தார்கள். வீடு வாசல் எதுவும் இல்லாத இடம். ஓடைக்குள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ரங்கசாமி என்பவரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது.

"ஆளில்லாத எடம்னீங்களே?" என்றாள் அபிநயா போனில்.

"வீடில்லாத எடம்னுதான் மேடம் எனக்குத் தெரியும். அன்னிக்கு ஆடு எந்தப் பக்கம் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?" மஹ்மூதா அழுதுகொண்டிருந்தாள்.

அபிநயா எழவுக்குப் போனாள். பெரிய இடத்து அம்மா வந்திருக்கிறார் என்று பந்தலுக்குள் நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ரங்கசாமியின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணியே வராத ஓடைங்க, தண்ணியே வராத ஓடைங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேல்கூடலில் சுமந்தியிடம் வந்த வார்த்தை இங்கே வரவில்லை. அன்றைக்குத் தெரியாமல் பறந்தாள். இந்த முறை தெரிந்து பறந்திருந்தாள். ஒரு வரிசை வீடுகளுக்கு ஓர் உயிர் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தபோதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கடுத்த ஆடியில் விமானம் படுத்துவிட்டது. இடது எஞ்சினுக்கு வர வேண்டிய ஒரு பாகம் எங்கோ துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அப்போது பார்த்து மஹ்மூதா கூப்பிட்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் மேடம். மேல்கூடல். இந்தத் தடவை யாரும் கிளப்பாமலே வருது, ரொம்பப் பெரிசு. விமானம் எப்ப ரெடியாகும்?"

"ஆகாதுங்க."

தருண் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டான். எல்லார் விமானமும் அவரவர் மலைக்கு வேண்டியிருந்தது. அபிநயா அறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே, காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, தொழிற்சாலை பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தாள்.

"தருண், ஷிப்டை நிறுத்து," என்றாள். "பஸ்ஸெல்லாம் மலைக்குப் போகட்டும்."

அவளும் முதல் பஸ்ஸில் போனாள். லைன் ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கோழியை என்ன செய்வது, டிவியை யார் பார்த்துக்கொள்வது என்றார்கள். கடைசியில் கோழியும் டிவியும் பஸ்ஸில் ஏறின. சுமந்தி அபிநயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எல்லாரையும் தொழிற்சாலைக் கேன்டீனில் தங்க வைத்தார்கள். மறுநாள் பொழுது சாயும் நேரம் மலை வந்து லைன் மீது இறங்கியது. ஈ காக்கை சாகவில்லை.

கேன்டீனில் செய்தி தெரிந்ததும் சிலர் அழுதார்கள், சிலர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உப்புமா பரிமாறிக்கொண்டிருந்த அபிநயா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ்கள் சேற்றோடு நின்றுகொண்டிருந்தன.  மஹ்மூதாவைக் கூப்பிட்டாள்.

"மழை எங்க விழும்னு உங்களுக்கு எவ்வளவு முன்னாடி தெரியும்?"

"ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிடும் மேடம்."

"போன வருஷமும் அப்புடித்தானா? வெள்ளைப்பாறைக்குத் தள்ளுன அன்னிக்கும்?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கும் பஸ் போதுமா இருந்திருக்கும்."

 "போதுமா இருந்திருக்கும்," என்றாள் மஹ்மூதா.

"ஏங்க இதை நீங்க சொல்லவே இல்லை?"

"நீங்க கேட்டது விமானத்தைப் பத்தி மேடம். நானும் விமானத்தை வெச்சே யோசிச்சிட்டேன்." பிறகு, தாழ்ந்த குரலில், "எனக்கும் அது புடிச்சிருந்துச்சு. எத்தனை வருஷமா வானத்தைப் பாத்துட்டு மட்டும் உக்காந்திருக்கேன். மொத மொதலா கையால தொட்ட மாதிரி இருந்துச்சு."

அபிநயா அவளைக் குற்றம் சொல்லவில்லை. சுமந்தி கேட்ட அன்று கார் இறங்கும்போது தன் நெஞ்சு லேசானது எதனால் என்று இப்போது தெரிந்துவிட்டது. பரிகாரம் கிடைத்ததால் இல்லை. விமானத்தை வைத்துக்கொள்ளக் காரணம் கிடைத்ததால். ரங்கசாமியின் மனைவியிடம் மறுபடி போனாள். இந்த முறை சொன்னாள். அந்த அம்மாள் அவளை வீட்டுக்குள் விடவில்லை. அது நியாயம் என்று திரும்பி வந்தாள்.

விமானத்தை விற்கவில்லை, விற்றால் இன்னொருவர் பறப்பார் என்று பிரித்துப்போடச் சொன்னாள். ரூபன் நின்று பார்த்தார். அவருக்கு வேலை போகாது என்று அவள் சொன்னபோது, "பரவாயில்லை மேடம். அன்னிக்கு நானே சுத்திப் போயிருக்கணும்," என்றார்.

தருண்தான் பிடிவாதமாக நின்றான். "நம்மதை ஒடைக்கறது உங்க இஷ்டம்க்கா. உங்களைப் பாத்து ஆரம்பிச்சாங்களே, அவங்கெல்லாம்?"

அவர்களிடமும் போனாள், ரயிலிலும் பஸ்ஸிலுமாக. நடந்ததையெல்லாம் சொல்லி, முன்கூட்டித் தெரிந்தால் போதும், ஆட்களை இறக்கிவிட்டால் போதும், விமானம் தேவையில்லை என்றாள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். ஹைதராபாத்காரர் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். "நல்ல யோசனை மேடம்," என்றார். "பஸ்ஸும் விடறோம். விமானமும் இருக்கட்டுமே."

அடுத்த ஆனி பிறந்ததுமே அபிநயா மலையடிவாரத்தில் பஸ்களை நிறுத்தி வைத்துவிட்டு மஹ்மூதாவின் அழைப்புக்குக் காத்திருந்தாள். அழைப்பு வரவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"இந்த வருஷம் எனக்குத் தெரியலை மேடம்," என்றாள் மஹ்மூதா.

"தெரியலைன்னா?"

"ஒரு விமானம்னா எடுத்துட்டுப் பாக்கலாம், போட்டுட்டுப் பாக்கலாம். இப்ப கொச்சியில ஒருத்தர் மழையைக் கோயமுத்தூர்ப் பக்கம் தள்ளுறார், அதை இன்னொருத்தர் திருப்பித் தள்ளுறார். யார் எப்பக் கெளம்புவாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தர் விமானம் பறந்ததும் வானம் மாறிப்போயிடுது. கணினி தெனமும் வேற வேற எடத்தைச் சொல்லுது. மழை வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியும். எங்கன்னு முடியாது."

அபிநயா கம்பெனியைத் தருணிடம் விட்டுவிட்டு மேல்கூடலில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். லைன் வீடுகளை இந்த முறை இன்னொரு சரிவில் கட்டியிருந்தார்கள். மேகம் கறுத்தால் அவள் கதவு கதவாகத் தட்டினாள். முதல் தடவை எல்லாரும் இறங்கினார்கள், தூறல்கூட விழவில்லை. இரண்டாம் தடவையும் எல்லாரும் வந்தார்கள். பிறகு சிலர் வந்தார்கள். இறங்கிப் போனால் மறுநாள் காலை வேலைக்குப் பேர் போட முடியாது, கூலி போய்விடும். கூலியை நான் தருகிறேன் என்றாள். தினமும் பஸ்ஸில் கிடந்து உடம்பு போகிறதே, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கெடுகிறதே, அதை யார் தருவது என்று கேட்டார்கள்.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம் காற்று நின்று, மழை பிடித்துக்கொண்டது. அபிநயா குடையோடு ஓடினாள். சிலர் பஸ்ஸுக்குப் போனார்கள். சுமந்தி கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"தெரிஞ்சு சொல்றீங்களா மேடம், பயந்து சொல்றீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் வந்திருப்பாள். "பயந்துதாங்க," என்றாள் அபிநயா.

"அப்ப நான் வரலை. காய்ச்சலா இருக்கு. நீங்க போங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பச் சொல்லி அபிநயா கையைக் காட்டினாள். பஸ்ஸின் விளக்கு வளைவில் மறைந்தது. லைனில் பாதிக் கதவுகளுக்குமேல் மூடியே இருந்தன. அவள் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தாள். சுமந்தி ஒரு பாயை உதறி விரித்தாள். தகரத்தின் மேல் மழை வலுத்துக்கொண்டே வந்தது.

கொஞ்ச நேரத்தில் மழைச் சத்தத்துக்கும் மேலே, மேகத்துக்குள் எங்கோ, விமானம் ஒன்று போகும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். மழையை அது கொண்டுபோகிறதா, கொண்டுவருகிறதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.